புல் தளத்தில் வேலிவரை போன விமானம்

தம்பி, தென்னாப்பிரிக்காவின் ஹோவிக் ஊர்ப் பக்கத்துப் பண்ணை ஓடுதளத்தில், பனி காயாத புல்லில் இறங்கியபோது பிரேக் பிடிக்காமல் செஸ்னா 172எஸ் என்ற உங்கள் சிறு விமானம் வேலியில் போய் நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அடிபடவில்லை, அதுவே பெரிது.

பிரேக்கைக் குறை சொல்லாதீர்கள். நீளம் குறைந்த தளத்தில் இறங்க வரும்போது 61 நாட் (மணிக்கு 61 கடல் மைல்) வேகம் போதும். நீங்கள் வந்தது 70. ஓடி நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பதால் அதிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. டர்பன் கடலோரத்தில் பழகியவர் நீங்கள். ஹோவிக் சுமார் 1,000 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், வேகமானி அதே 61 காட்டினாலும் காற்றில் உண்மையான வேகம் அதைவிட அதிகம். ஈரப்புல்லில் நானும் சறுக்கியிருக்கிறேன்: மிதிக்க மிதிக்கச் சக்கரம் பூட்டிக்கொள்ளும், விமானம் நிற்காது.

தளத்தின் முதல் மூன்றிலொரு பகுதிக்குள் சக்கரம் தொடாவிட்டால், தயங்காமல், எஞ்சின் விசையைக் கூட்டும் திராட்டிலை முழுக்கத் தள்ளி மேலே ஏறிவிடுங்கள். அடுத்த முறை பயிற்றுநரோடு போங்கள்.