சப்பாலா ஏரிக்கரைக்குக் குடிபோகலாமா? வீட்டை விற்கும் முன் நாட்களை எண்ணுங்கள்

கேள்வி: எனக்கு 63 வயது, கணவருக்கு 68. 1992இல் கனடாவுக்கு வந்தோம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கடன் முடிந்த ஒரு டவுன்ஹவுஸ் இருக்கிறது. அவருக்கு ஓஏஎஸ் (முதியோர் பென்சன்), சிபிபி (வேலை செய்த காலத்தில் கட்டிய பென்சன்), ஜிஐஎஸ் (வருமானம் குறைந்த முதியோருக்கான கூடுதல் தொகை) மூன்றும் வருகின்றன. எனக்கு அலவன்ஸ் (ஜிஐஎஸ் வாங்குபவரின் 60 முதல் 64 வயதுத் துணைக்கான உதவித்தொகை) வருகிறது. அவர் பிரஷருக்கும் சுகருக்கும் குளிசை எடுக்கிறார். அவரோடு வேலை செய்த ஒரு தம்பதி மெக்சிகோவில் சப்பாலா ஏரிக்கரையில் அஹிஹிக் என்ற ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய படங்களைப் பார்த்ததிலிருந்து, வீட்டை விற்றுவிட்டு அங்கேயே போய்விடலாம் என்று இவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். பென்சன் தொடர்ந்து வருமா? வைத்தியத்துக்கு என்ன வழி? அங்கே எங்களால் சமைத்துச் சாப்பிட்டு, நாலு பேரோடு பழகி வாழ முடியுமா?

பதில்: வாழ முடியும். ஆனால் வீட்டை இப்போது விற்க வேண்டாம். உங்கள் கணவரின் ஆசையில் தவறில்லை. அஹிஹிக் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மலைக்கும் மெக்சிகோவின் மிகப் பெரிய ஏரிக்கும் நடுவில் இருக்கிறது. குளிர்காலப் பகல்களில் ஒரு மெல்லிய சட்டையோடு வெளியே நடக்கலாம். ஸ்காபரோவில் ஜனவரி மாதம் பனி உருகப் படிக்கட்டில் உப்புப் போட்டுக் களைத்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த யோசனையோடு வருபவர்கள் பெரும்பாலும் வீட்டு வாடகையில்தான் கணக்கைத் தொடங்குகிறார்கள். நீங்கள் தொடங்க வேண்டியது நாட்களில். வருடத்தில் எத்தனை நாள் கனடாவுக்கு வெளியே இருக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் மாறுகிறது.

முதலில் பணம். சிபிபி எந்த நாட்டில் இருந்தாலும் வரும். ஓஏஎஸ்ஸும் வரும், ஏனென்றால் 18 வயதுக்குப் பிறகு குறைந்தது 20 வருடம் கனடாவில் வாழ்ந்தவர்களுக்கு அது நாடு விட்டுப் போனாலும் தொடரும். உங்கள் இருவருக்கும் அந்தத் தகுதி உண்டு. ஆனால் ஜிஐஎஸ் அப்படியல்ல. தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது நின்றுவிடும். உங்களுக்கு வரும் அலவன்ஸுக்கும் இதே விதிதான். நண்பர்கள் அனுப்பிய படங்களில் தெரியாத செலவு இதுதான். இந்த இரண்டு தொகையையும் தவிர்த்துவிட்டு, மீதியை வைத்து ஒரு மாதம் ஓட்ட முடியுமா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வீட்டை விற்ற பணத்தை வங்கியில் போட்டால் அதன் வட்டியும் வருமானமாகக் கணக்கில் வந்து ஜிஐஎஸ்ஸைக் குறைக்கும். வீட்டை வாடகைக்கு விட்டாலும் செலவு போக மிஞ்சும் தொகைக்கு அதே கதிதான்.

ஆறு மாதத்துக்குள் இருந்தால் இவை எதுவும் தொலையாது. அதனால் உங்கள் நிலையில் உள்ளவர்களுக்கு நான் சொல்வது குளிர்கால ஏற்பாடுதான்: நவம்பர் அல்லது டிசம்பரில் போய் ஏப்ரலில் திரும்புவது.

ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப்பின் அட்டைக்கும் ஒரு நாட்கணக்கு உண்டு. எந்த 12 மாதத்தை எடுத்தாலும் அதில் 212 நாளுக்கு மேல் ஒன்ராறியோவுக்கு வெளியே இருக்கக் கூடாது. மெக்சிகோவில் 180 நாள் இருந்தால் மிஞ்சுவது 32 நாள். ஆகஸ்ட்டில் ஒரு கல்யாணத்துக்கென்று யாழ்ப்பாணம் போய் ஆறு வாரம் நின்றால் எல்லை தாண்டிவிடும். நம் குடும்பங்களில் இது நடக்கக்கூடிய விஷயம், எனவே காலண்டரில் எழுதி வையுங்கள்.

அட்டை கையில் இருக்கிறது என்பதற்காக அது மெக்சிகோவில் உதவும் என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டில் அவசரமாக ஆஸ்பத்திரியில் அனுமதித்தால் ஓஹிப் ஒரு நாளைக்குக் கொடுப்பது அதிகபட்சம் 400 டொலர். அங்குள்ள தனியார் ஆஸ்பத்திரிகளில் முன்பணம் கேட்பது வழக்கம். பயணக் காப்புறுதி கட்டாயம் வேண்டும். அதில் உங்கள் கணவருக்கென்றே எழுதியதுபோல ஒரு நிபந்தனை இருக்கும்: ஏற்கெனவே உள்ள நோய், பயணத்துக்கு முன் குறிப்பிட்ட காலம் மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும். 90 நாள் என்றும் இருக்கலாம், 180 நாள் என்றும் இருக்கலாம். பிரஷர் குளிசையின் அளவை வைத்தியர் அக்டோபரில் கூட்டினாலோ, ஏன், குறைத்தாலோகூட அது மாற்றம்தான். அதற்குப் பிறகு வரும் இதய நோய்ச் செலவைக் காப்புறுதி நிறுவனம் மறுக்க முடியும். ஆகவே வைத்தியரை ஏப்ரல், மே மாதத்திலேயே பார்த்து, மருந்தில் மாற்ற வேண்டியதைக் கோடையிலேயே மாற்றச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் உள்ள உடல்நலக் கேள்விகளுக்கு ஏஜென்டை விட்டுப் பதில் எழுத வேண்டாம், நீங்கள் இருவரும் உட்கார்ந்து எழுதுங்கள். நீண்ட பயணம் என்றால் கூடுதல் குளிசை வாங்கிக்கொள்ள ஒன்ராறியோவின் மருந்துத் திட்டத்தில் வழி உண்டு, உங்கள் பார்மசியில் முன்கூட்டியே கேளுங்கள்.

அங்கே சிறு வருத்தங்களுக்குக் கவலையில்லை. பல மருந்துக் கடைகளோடு ஒட்டியே ஒரு வைத்தியர் இருப்பார், மிகக் குறைந்த கட்டணத்தில் பார்ப்பார். 2010இலிருந்து அன்டிபயாட்டிக் மருந்துக்கு வைத்தியரின் சீட்டு கேட்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிகள் குவாதலஹாரா நகரத்தில் இருக்கின்றன. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம், ஆனால் கரையோரச் சாலையில் வாரக்கடைசியில் வாகன நெரிசல் இருக்கும். அதைக் கணக்கில் வைத்து வீடு தேடுங்கள்.

அப்புறம் குடிவரவு. கனேடியக் கடவுச்சீட்டு உள்ளவர் விசா இல்லாமலே 180 நாள் வரை தங்கலாம். அந்த 180 தானாகக் கிடைப்பதல்ல, விமான நிலைய அதிகாரி எழுதும் எண்ணிக்கைதான் செல்லும். போகும் திகதி, திரும்பும் டிக்கெட், தங்கும் முகவரி மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் வேண்டும் என்று சொல்லுங்கள். எழுதியதை அந்த மேசையை விட்டு நகரும் முன் பாருங்கள்.

முழுதாகக் குடியேற நினைத்தால் தற்காலிக வதிவிட அனுமதி வேண்டும். சுற்றுலாப் பயணியாகப் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வழக்கமான பாதை கனடாவில் உள்ள மெக்சிகோ துணைத்தூதரகத்தில்தான் தொடங்கும், ரொறன்ரோவிலேயே ஒன்று இருக்கிறது. மாத வருமானத்தைக் காட்ட வேண்டும், அல்லது சேமிப்பைக் காட்ட வேண்டும். கேட்கும் தொகை வருடத்துக்கு வருடம் உயர்கிறது. ஜிஐஎஸ் வாங்கும் அளவு வருமானத்தில் முதல் வழி உங்களுக்கு அநேகமாகத் திறக்காது. சேமிப்பு வழியில் கடந்த 12 மாத வங்கிக் கணக்கைப் பார்ப்பார்கள். வீட்டை விற்று அடுத்த மாதமே விண்ணப்பித்தால் அந்தப் பணம் அங்கே ஒரு மாதம்தான் இருந்திருக்கும். வீடும் இல்லை, விசாவும் இல்லை என்று ஒரு வருடம் வாடகை வீட்டில் காத்திருக்க நேரும். விற்க வேண்டாம் என்று முதலிலேயே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருவரும் வீட்டை விற்றுவிட்டு முழுதாகப் போனால் வரி விஷயத்திலும் கனடாவில் வதியாதவர்கள் ஆகிவிடுவீர்கள். அப்போது பென்சனிலிருந்து வரி பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். பொதுவான விகிதம் 25 சதவீதம், இரு நாட்டு ஒப்பந்தத்தால் அது குறைகிறது. புறப்படும் வருடத்துக்கு ஒரு கணக்காளரைப் பாருங்கள்.

அங்கே வீடு வாங்குவது பற்றி உங்கள் கணவர் கேள்விப்பட்டிருப்பார். கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் நாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் வெளிநாட்டவர் தம் பெயரில் நேரடியாக வீட்டு மனை வைத்திருக்க முடியாது, வங்கி அறக்கட்டளை வழியாகத்தான் முடியும். சப்பாலா இரண்டுக்கும் வெளியே இருப்பதால் வீட்டு உறுதிப் பத்திரம் உங்கள் பெயரிலேயே வரும். உண்மைதான். ஆனால் எஹிடோ எனப்படும் கிராமப் பொதுக்காணி மலிவாக விலைக்கு வரும், அதன் பக்கம் போகவே வேண்டாம். பொதுவாகவும், வருடத்தில் ஐந்தரை மாதம் இருப்பவருக்கு வாடகை போதும். வெளிநாட்டவர் வரவால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே வாடகை எட்டாமல் போகிறது என்பதும் என் மனதை உறுத்தும் விஷயம். சிறிய வீடாகப் பாருங்கள்.

வீடு பார்க்கும்போது ஏரி தெரிகிறதா என்பதை இரண்டாவதாகப் பாருங்கள். முதலில் தெருவைப் பாருங்கள். அஹிஹிக்கின் பழைய பகுதியில் தெருக்கள் உருளைக்கல் பதித்தவை, பல தெருக்கள் மலைப்பக்கம் ஏறுகின்றன. முழங்கால் வலி உள்ளவருக்கு அது தினமும் வேதனை. பக்கத்தில் உள்ள சான் அந்தோனியோ, சப்பாலா நகரம் ஆகிய இடங்களில் சமதரையும் கிடைக்கும். இரவில் குளிர் சில நாள் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும், பெரும்பாலான வீடுகளில் ஹீட்டிங் கிடையாது. மின்சார ஹீட்டரை இரவெல்லாம் போட்டால் மின்பாவனை கூடி, மானியமில்லாத உயர் கட்டணப் பிரிவுக்கு மீட்டர் போய்விடும். பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவதால் தாமதமாகத்தான் தெரியும். தடித்த போர்வை எடுத்துப் போங்கள், வெயில் விழும் அறையாகத் தேடுங்கள்.

தண்ணீர் தெருக் குழாயிலிருந்து நிலத்தடித் தொட்டிக்கு வந்து, பம்ப் வழியாகக் கூரைத் தொட்டிக்கு ஏறும் வீடுகள் பல. தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. 20 லீற்றர் போத்தலில் தண்ணீர் வீட்டுக்கே வரும். பச்சையாகச் சாப்பிடும் மரக்கறியைக் கிருமிநீக்கித் துளிகள் விட்ட தண்ணீரில் ஊறவைத்து எடுக்க வேண்டும், அந்தத் துளிகள் எந்தச் சூப்பர்மார்க்கெட்டிலும் கிடைக்கும். சமையலுக்கு சிலிண்டர் அல்லது கூரையில் உள்ள காஸ் தொட்டி. யார் நிரப்புவது, தோட்டக்காரருக்கு யார் கொடுப்பது என்பதை வாடகை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

வீட்டு வேலைக்கு ஒரு பெண் வருவார் என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். அவரை வைப்பது நீங்கள் என்றால் சட்டப்படி நீங்கள்தான் முதலாளி. டிசம்பர் 20க்குள் அகினால்தோ என்ற ஆண்டு போனஸ் கொடுக்க வேண்டும், ஒரு வருடம் வேலை செய்தவருக்குக் குறைந்தது 15 நாள் சம்பளம், குறைவாகச் செய்தவருக்கு அதன் விகிதப்படி. 2023இலிருந்து முதல் வருடம் முடிந்தவருக்கு 12 நாள் சம்பள விடுமுறையும் உண்டு. சமூகக் காப்புறுதியில் பதிவதும் முதலாளியின் கடமை. நம்மில் பலர் இந்த நாட்டில் வந்திறங்கியதும் இப்படியான வேலைகளில்தான் தொடங்கினோம். இதை ஒரு சலுகையாக அல்ல, கடனாகவே கொடுங்கள்.

சாப்பாடு உங்களுக்குச் சிரமமாக இருக்காது. புதன்கிழமை அஹிஹிக்கிலும் திங்கட்கிழமை சப்பாலாவிலும் தெருச்சந்தை கூடும். கொத்தமல்லி, தக்காளி, பச்சை மிளகாய், தேங்காய், புளி, பப்பாசி, மாம்பழம் எல்லாம் உண்டு. சரால் என்ற சின்ன ஏரிமீனைப் பொரித்துத் தருவார்கள், நெத்தலி பிடித்தவருக்கு அது பிடிக்கும். கறிவேப்பிலை, துவரம் பருப்பு, நல்லெண்ணெய் ஆகியவற்றைச் சந்தையில் எதிர்பார்க்க வேண்டாம். வெள்ளிக்கிழமை சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை: உணவகத்தில் மசித்த பீன்ஸைப் பல இடங்களில் பன்றிக் கொழுப்பில்தான் வதக்குவார்கள், சோற்றையும் கோழிச் சாற்றில் ஆக்குவதுண்டு. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

ஆள் துணைக்கு, 1955இல் தொடங்கிய லேக் சப்பாலா சொசைட்டி அஹிஹிக்கில் இருக்கிறது. நூலகமும் ஸ்பானிய வகுப்பும் உண்டு, கனேடியர்களும் அமெரிக்கர்களும் நிறைய. தமிழ்க் குரல் அங்கே அரிது என்பதை மறைக்க மாட்டேன். பேரப்பிள்ளைகளோடு கதைப்பது எளிது. மெக்சிகோ 2022இல் கோடை நேர மாற்றத்தைக் கைவிட்டதால், குளிர்காலத்தில் ரொறன்ரோ ஒரே ஒரு மணி நேரம் முன்னே இருக்கும். ஆனால் வெளிநாட்டவர் வட்டத்துக்குள்ளேயே அடைந்துவிட வேண்டாம். கடைக்குள் நுழைந்ததும் "புவெனோஸ் தியாஸ்" என்று வணக்கம் சொல்லிவிட்டு விலை கேளுங்கள், அதைச் சொல்லாமல் கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. நவம்பர் 30ஐ ஒட்டிய ஒன்பது நாள் புனித அந்திரேயா திருவிழா, விடியற்காலையிலேயே வாணம் வெடிக்கும். தூக்கம் முக்கியம் என்றால் டிசம்பர் முதல் வாரத்தில் போய் இறங்குங்கள். ஒரு நாள் ஏரியின் தென்கரையில் பெதத்தான் என்ற மீனவ ஊருக்கும் போய் வாருங்கள். கனடாவிலிருந்தும் வட அமெரிக்காவின் பிற பகுதிகளிலிருந்தும் வெள்ளைக் கூழைக்கடாக்கள் குளிருக்கு அங்கே வந்து, மீனவர் வீசும் மீன்கழிவுக்காகக் கரையில் கூட்டமாகக் காத்திருக்கும்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். சப்பாலாவும் அஹிஹிக்கும் உள்ள ஹலிஸ்கோ மாநிலத்துக்கான கனடா அரசின் பயண எச்சரிக்கையை டிக்கெட் எடுக்கும் முன்னும் புறப்படும் முன்னும் வாசியுங்கள், ஏனென்றால் அதைப் பொருட்படுத்தாமல் போனால் காப்புறுதியும் பாதிக்கப்படலாம். இரவில் ஊர் விட்டு ஊர் வாகனம் ஓட்ட வேண்டாம்.

இந்தக் குளிர்காலத்துக்கு மூன்று மாத வாடகை எடுத்துப் போங்கள். முழுதாகக் குடியேறும் எண்ணம் அதற்குப் பிறகும் இருந்தால் அடுத்த முறை மே மாதத்தில் போய்ப் பாருங்கள். மழை தொடங்கும் முன் வெயிலும் புழுதியும் மிக அதிகமாக இருக்கும் மாதம் அது, நண்பர்கள் அனுப்பும் படங்களில் வராத மாதமும் அதுதான். அதையும் பார்த்த பிறகு, ஜிஐஎஸ்ஸும் அலவன்ஸும் இல்லாமல் நீங்கள் எழுதிய அந்தத் தாளோடு எனக்கு எழுதுங்கள். வீட்டை விற்பதைப் பற்றி அப்போது கதைப்போம்.