வாலைக் கவனியுங்கள்!

கேள்வி: விடுமுறையில் என் 7 வயது மகளும் தோழிகளும் பெரிய தாளில் கடலும் திமிங்கிலமும் வரையப் போகிறார்கள். கடல் வெறும் நீலப் பூச்சாகிவிடாமல் இருக்க என்ன செய்யலாம்? திமிங்கிலத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் வால். மீனின் வால் செங்குத்தாக நிற்கும், திமிங்கிலத்துக்கோ அது படுக்கைவசமாக இருக்கும், மேலும் கீழும் அடித்துத்தான் நீந்தும், அது மீனே இல்லை, பாலூட்டி. அப்புறம் தலையில் பீய்ச்சும் அந்த நீரூற்று (நானும் அப்படித்தான் வரைந்தேன்!), அது பெரும்பாலும் மூச்சுக்காற்றுதான், வெளியே வந்ததும் பனிமூட்டம் போலத் தெரிகிறது. பழைய டூத்பிரஷ்ஷில் வெள்ளை பெயின்ட் தொட்டு, விரலால் மெல்லத் தெறிக்கவிட்டால் அச்சு அசலாக வரும்.

கடலுக்கு, வெள்ளை கிரேயானால் குமிழ்களையும் ஜெல்லிமீன்களையும் அழுத்தி வரைந்துவிட்டு, மேலே தண்ணீர் தாராளமாகக் கலந்த நீல வாட்டர்கலரைப் பூசச் சொல்லுங்கள். மெழுகு பட்ட இடத்தில் நிறம் ஒட்டாது, ஒளிந்திருந்த ஜெல்லிமீன் திடீரென்று வெளியே வரும்போது பிள்ளைகள் போடும் கூச்சலைக் கேட்க வேண்டுமே! ஈரம் காயும் முன் கல்லுப்பைத் தூவினால் நட்சத்திரம் போலப் புள்ளிகள் விழும். முழுக்கக் காய்ந்த பிறகு தட்டிவிடுங்கள், அவசரப்பட்டால் எல்லாம் திட்டாகிவிடும்.

நீலத் திமிங்கிலம் சுமார் 30 மீட்டர் வரை வளரும். அதைத் தாளில் 1 மீட்டருக்கு வரைந்தால், பக்கத்தில் நீந்தும் உங்கள் மகள் 4 சென்டிமீட்டர்தான் இருப்பாள். அவளையும் வரையச் சொல்லுங்கள்.