எந்தப் பல் என்று கேட்பதற்கு முன்: பல் மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, "என்ன மாத்திரை போடலாம்?" என்றே முடிகின்றன. மாத்திரையை அப்புறம் பார்க்கலாம். வலி எப்போது வருகிறது, வந்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது, எதனால் கிளம்புகிறது? இந்த மூன்றையும் எழுதியிருந்தவர்களுக்குப் பதில் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது.

வலது கன்னத்தில் மின்சாரம் பாய்ந்த மாதிரி வலி. முகம் கழுவினால் வருகிறது, பல் துலக்கினால் வருகிறது. இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியாயிற்று, நிற்கவில்லை. மூன்றாவதையும் எடுத்துவிடலாமா?

வேண்டாம். முதல் இரண்டுமே தேவையில்லாமல் போயிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

பல்லின் உள்ளே இருக்கும் நரம்புக்கூழ் கெட்டுப்போனால் வலி வேறு மாதிரி இருக்கும். குளிர்ந்த நீர் பட்டதும் தொடங்கி, நீரை விழுங்கிய பிறகும் நிமிடக்கணக்கில் நிற்கும். இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும். உங்களுக்கு அப்படி இல்லை. கன்னத்தில் விரல் லேசாகப் பட்டாலோ காற்று வீசினாலோ சுளீரென்று வெட்டுகிறது, சில நொடிகளில் துடைத்துவிட்டது போல நின்றுவிடுகிறது. இது முகத்துக்கு உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பின் வலி, அதாவது ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, போலத் தெரிகிறது. ஒவ்வொரு வெட்டும் ஒரு நொடிக்கும் குறைவிலிருந்து 2 நிமிடம் வரைதான் இருக்கும். அந்த நரம்பின் கிளைகளே பற்களுக்கும் போவதால், வலி பல்லில் இருப்பதாக மூளை நம்பிவிடுகிறது. நோயாளியும் நம்புகிறார், சில சமயம் மருத்துவரும் நம்பிவிடுகிறார். தொழிலுக்கு வந்த புதிதில் இப்படி ஒருவருக்கு நானே வேர் சிகிச்சை தொடங்கியிருக்கிறேன். மரத்துப்போகும் ஊசி போட்டவுடன் வலி நின்றது, கண்டுபிடித்துவிட்டேன் என்று மகிழ்ந்தேன். ஊசி அந்த நரம்பு முழுவதையும் மரக்கவைக்கும் என்பதை யோசிக்கவில்லை.

பல்லில் விரிசல் இல்லை என்பதை எக்ஸ்ரே, குளிர்ச்சிச் சோதனை, கடித்துப் பார்க்கும் சோதனை ஆகியவற்றால் உறுதி செய்துகொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். வழக்கமான வலி மாத்திரைகள் இதற்குக் கேட்காது. முதல் மருந்து கார்பமசெபின். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். இடையிடையே ரத்த அணுக்கள், சோடியம், கல்லீரல் ஆகியவற்றைச் சோதிப்பார்கள். ஆசிய மரபினர் சிலரிடம் உள்ள ஒரு மரபணு வகை, இந்த மருந்தால் கடுமையான தோல் பாதிப்பை வரவழைக்கக்கூடும். அதனால் தொடங்கும் முன்பே அதற்கும் ரத்தப் பரிசோதனை கேட்கலாம். ரத்தக்குழாய் ஏதாவது நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ எடுப்பார்கள். அழுத்தினால், அதை விலக்கிவைக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு.

மாதம் ஒரு முறையாவது வாய்ப்புண் வருகிறது. புற்றுநோயாக மாறிவிடுமோ?

வந்து வந்து போகிற புண்ணைப் பற்றி அந்தப் பயம் தேவையில்லை. வந்து உட்கார்ந்துகொண்டு போகாத புண்ணைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

உதட்டின் உட்புறத்திலோ கன்னத்திலோ வட்டமாக, நடுவே மஞ்சளாக, சுற்றிச் சிவந்த விளிம்போடு வருபவை 7 முதல் 14 நாட்களில் தானே ஆறும். அடிக்கடி வந்தால் இரும்புச்சத்து, ஃபோலேட், பி12 மூன்றையும் ரத்தத்தில் பாருங்கள். நுரை தரும் சோடியம் லாரில் சல்ஃபேட் சேர்ந்த பற்பசையை மாற்றியதும் சிலருக்குக் குறைகிறது. செலவில்லாத சோதனை, செய்து பார்க்கலாம். ஸ்டீராய்டு பசை தடவுவதாக இருந்தால் சுருக்கென்று தொடங்கும் முதல் நாளே தடவ வேண்டும். கண்ணிலோ பிறப்புறுப்பிலோ சேர்ந்து தொந்தரவு இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

நாக்கின் பக்கவாட்டில் ஒரே புண் 3 வாரமாக இருந்தால் கதை வேறு. உரசும் கூர்மையான பல்லைத் தேய்த்துவிட்டு 2 வாரம் பார்ப்போம். அப்போதும் ஆறவில்லை என்றால் பயாப்சி, அதாவது புண்ணிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது. வலி இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். ஆரம்பப் புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காது.

கன்னத்துக்குள் வெள்ளையாக இருக்கிறது. வலி இல்லை, அரிப்பும் இல்லை.

நான் முதலில் செய்வது, ஒரு பஞ்சுத்துணியால் துடைத்துப் பார்ப்பது. வழித்துக்கொண்டு வந்து அடியில் சிவந்திருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்கள், பல்செட்டோடு தூங்குபவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்கள் ஆகியோரிடம் அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு கன்னங்களிலும் சரிகை பின்னியது போல வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் லைக்கன் பிளானஸ் என்ற அழற்சி நோயாக இருக்கலாம். எரிச்சல் இருந்தால் மருந்து, இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் ஒரு பார்வை. பற்கள் சந்திக்கும் மட்டத்தில் நேர்கோடாக ஓடினால் அது கன்னம் பல்லில் உரசிய தழும்புதான், விட்டுவிடலாம்.

துடைத்தாலும் போகாமல், காரணமும் சொல்ல முடியாமல் இருக்கிற வெண்திட்டுக்கு லியூகோபிளேக்கியா என்று பெயர். பயாப்சி இல்லாமல் அதைப் பற்றி யாரும் உறுதி சொல்ல முடியாது. இடையில் சிவப்பு கலந்திருந்தால் புற்றுநோய் ஆபத்து இன்னும் அதிகம். புகையிலையோ பாக்கோ போடுபவர் என்றால் பரிசோதனைக்கு நாள் பார்க்கும்போதே அதை நிறுத்திவிடுங்கள்.

நாக்கில் வரைபடம் போலத் திட்டுகள். இன்று ஓரிடம், மறுவாரம் வேறிடம்.

பெயரே நிலப்பட நாக்கு. ஒன்றும் செய்யாது, தொற்றாது. காரம் பட்டால் எரிந்தால் காரத்தைக் குறையுங்கள். கண்ணாடி முன் தினமும் நாக்கை நீட்டிப் பார்ப்பதையும் குறைக்கலாம்.

வாயைத் திறந்தால் காதுக்குப் பக்கத்தில் 'டக்' என்கிறது. ஆபரேஷன் வேண்டுமா?

வலிக்கிறதா, வாய் முழுக்கத் திறக்கிறதா? வலி இல்லை, உங்கள் விரல் மூன்றைச் செங்குத்தாக உள்ளே விட முடிகிறது என்றால் சிகிச்சையே வேண்டாம். தாடை மூட்டுக்குள் ஒரு குருத்தெலும்புத் தட்டு இருக்கிறது. அது முன்னே நழுவி, வாய் திறக்கும்போது இடத்துக்குத் திரும்பும் சத்தம் அது. பலருக்கு உண்டு. ஒரு நாள் சத்தம் நின்று, வாயும் பாதிக்கு மேல் திறக்காமல் போனால்தான் தட்டு மாட்டிக்கொண்டது என்று பொருள்; அப்போது தாமதிக்காமல் வாருங்கள்.

வலி இருந்தால் சில வாரம் மெதுவான உணவு, வெதுவெதுப்பான ஒத்தடம், பல் நறநறப்பவர்களுக்கு இரவில் அணியும் உறை. இன்னொன்று: சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்பல்லும் தொடக்கூடாது. உதடு மூடியிருக்கட்டும், பற்கள் விலகியிருக்கட்டும். இதைப் படிக்கும்போது உங்கள் பற்கள் எப்படி இருக்கின்றன என்று பாருங்களேன். கடியைச் சரிசெய்கிறேன் என்று நல்ல பற்களை ராவிவிட மட்டும் சம்மதிக்காதீர்கள். ராவிய எனாமல் திரும்ப வளராது.

கன்னம் வீங்கியது, ஆன்டிபயாடிக்கில் வற்றியது, மறுபடி வீங்குகிறது. இன்னும் வலுவான மாத்திரை சொல்லுங்கள்.

எவ்வளவு வலுவானதும் அங்கே போய்ச் சேராது. செத்துப்போன பல்லுக்குள் ரத்த ஓட்டம் இல்லை, மருந்து ரத்தத்தின் வழியேதான் போக வேண்டும். சீழை வெளியேற்றி, வேர் சிகிச்சை செய்ய வேண்டும் அல்லது பல்லை எடுக்க வேண்டும்.

தாடைக்கடியில் இருபுறமும் கெட்டியாக வீங்கி, நாக்கு மேலே தள்ளப்பட்டு, எச்சில் விழுங்க முடியாமல், குரல் மாறினால் பல் மருத்துவமனைக்கு நேரம் வாங்கிக் காத்திருக்காதீர்கள்; அவசரப் பிரிவுக்குப் போங்கள். 1836-இல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த நிலை இது, மூச்சுப்பாதையை அடைத்துவிடும். கண் மூடும் அளவு வீங்கினாலும் அப்படியே. சாப்பிட உட்காரும்போது மட்டும் தாடைக்கடியில் வீங்கி அப்புறம் வற்றுகிறதா? அது பல்லாக இருக்காது, உமிழ்நீர்க் குழாயில் கல் இருக்கலாம்.

பல் எடுத்த மறுநாள் காலை முகம் ஒருபக்கம் கோணிவிட்டது. ஊசியாலா?

ஊசி மருந்து முகநரம்பைத் தொட்டால் சில நிமிடங்களிலேயே கோணும், சில மணி நேரத்தில் சரியாகும். மறுநாள் வந்தது பெரும்பாலும் வேறு. புருவத்தை உயர்த்துங்கள்: நெற்றி அந்தப் பக்கமும் சுருங்கினால், கை கால் பலவீனமோ பேச்சுக் குழறலோ சேர்ந்தால், பக்கவாதமாக இருக்கலாம், உடனே ஆம்புலன்ஸ். நெற்றியும் அசையவில்லை, கண்ணும் மூடவில்லை என்றால் பெல் வாதமாக, அதாவது முகநரம்பு மட்டும் செயலிழந்த நிலையாக, இருக்கலாம். ஆனாலும் அதை மருத்துவர்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஸ்டீராய்டு 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்து, இரவில் ஒட்டுப்பட்டை.

வேகமாக நடந்தால் இடது கீழ்த்தாடை வலிக்கிறது. நின்றால் போய்விடுகிறது. எந்தப் பல்லாக இருக்கும்?

பல் நடையை அறியாது, இதயம் அறியும். இன்றே இதய மருத்துவரைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே வந்தால், வியர்வையோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால், ஆம்புலன்ஸை அழையுங்கள். அங்கே எல்லாம் சரி என்றால், பல்லைப் பார்க்க அப்புறம் வாருங்கள்.