அம்மாவிடம் யார் கேட்டது?

கேள்வி: என் அப்பா கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சின்ன பாப்டிஸ்ட் சபையின் போதகர். 71 வயதாகிறது. இன்னும் மூன்று ஊர்களுக்கு பைக்கில் போய்ப் பிரசங்கம் செய்கிறார். சபை வீடுகள் போதகருக்கென்று எடுத்துவைக்கும் பிடி அரிசியில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். பத்து வீட்டு அரிசி ஒரே பானையில் வெந்தால் பாதி குழைந்துவிடும், பாதி வேகாமல் நிற்கும். ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அப்பா ஓடுவார். என் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. போன வருஷம் அம்மாவின் முழங்கால் வைத்தியத்துக்கு 3,000 சிங்கப்பூர் வெள்ளி அனுப்பினேன். அதைச் சபைப் பையன் ஒருவனின் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுத்துவிட்டார். இருவரையும் இங்கே அழைத்துக்கொள்ள நினைக்கிறேன். "மந்தையை விட்டு வரமாட்டேன்" என்கிறார் அப்பா. அம்மாவிடம் அப்பாவின் போனில்தான் பேசுவேன், ஸ்பீக்கர் போட்டிருக்கும். "அப்பா சொல்றபடி செய்யும்மா" என்பார். அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது? அவர்மேல் கோபப்படுவது பாவமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: அன்புச் சகோதரி, கோபம் பாவம் இல்லை. அந்தப் பையனுக்கு உதவியதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அப்பா செய்தது தவறுதான். தன் சாப்பாட்டை, தன் தூக்கத்தை அவர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கட்டும். அம்மாவின் முழங்காலை எடுத்துக் கொடுக்க அவருக்கு உரிமை கிடையாது. அதற்காக, வீட்டாரை விசாரிக்காதவனைப் பற்றிய பைபிள் வசனத்தை அவரிடம் எடுத்துவிடாதீர்கள். அதை அவரே நூறு முறை பிரசங்கித்திருப்பார்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வரிக்கு வரி அப்பா வருகிறார். அம்மா பேசியது ஒரே ஒரு வாக்கியம், அதுவும் ஸ்பீக்கரில்.

வில்லியம் கேரியை உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இங்கிலாந்தில் மோல்ட்டன் என்ற கிராமத்தில் பாப்டிஸ்ட் போதகராக இருந்தவர். சபை கொடுத்தது போதாமல் செருப்புத் தைத்தார், பள்ளிக்கூடமும் நடத்தினார். 1793இல் ஊழியம் செய்ய இந்தியாவுக்குப் புறப்பட்டபோது மனைவி டாரதி வரமாட்டேன் என்றார். கைக்குழந்தையோடு இருந்தவரை வற்புறுத்தித்தான் கப்பல் ஏற்றினார்கள். மறு வருஷமே வங்காளத்தில் 5 வயது மகன் பீட்டர் வயிற்றுப்போக்கில் இறந்தான். டாரதிக்கு மனம் பேதலித்தது. 1807இல் சாகும்வரை அவர் தேறவே இல்லை. கேரியின் பைபிள் மொழிபெயர்ப்புகளை மெச்சுகிறவர்கள் அந்தம்மாவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எனக்கு அது இன்றும் வலிக்கிறது.

உங்கள் மலையிலேயே இன்னொரு கதை உண்டு. ஜெஸ்ஸி பிராண்ட் கொல்லிமலையில் ஊழியம் செய்த பாப்டிஸ்ட் மிஷனரி. மகன் பாலை 9 வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்துபோனார். அதற்குள் பிள்ளை அப்பாவை மறுபடி பார்க்கவே இல்லை. வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய டாக்டர் பால் பிராண்ட் அந்தப் பிள்ளைதான். ஜெஸ்ஸியின் மனைவி ஈவ்லினோ, மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் தானாகவே மலைக்குத் திரும்பினார். 1974இல் 95 வயதில் இறக்கும்வரை மலைச் சனங்களை விடவில்லை. அவரை யாரும் இழுத்துப் போகவில்லை.

உங்கள் அம்மா டாரதியா, ஈவ்லினா? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஊர்ப் பெண்கள் பாஸ்டரம்மா என்று கூப்பிடுவது அவருக்குச் சுமையாக இருக்கலாம். சொத்தாகவும் இருக்கலாம். யாராவது அவரிடம் தனியாகக் கேட்டால்தானே தெரியும்?

அப்பாவை இங்கே வரவழைப்பதை இப்போதைக்கு விடுங்கள். ஒரு மாதம் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அது நல்லதுதான். ஆனால் நடுராத்திரியில் கதவு தட்டப்பட்டால் எழுந்துபோய்ப் பழகியவரை யாரும் தட்டாத வீவக அடுக்குமாடி வீட்டுக்குள் எத்தனை நாள் உட்கார வைப்பீர்கள்? எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஊரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், மாலையானால் லிஃப்ட் திறப்பதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது.

எனக்குப் பெரிய கவலை அந்த வீடு. நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை. போதகர் குடியிருப்பது பெரும்பாலும் சபை வீடு. நாளைக்கு அப்பாவுக்கு ஒன்று ஆனால் அது அடுத்த போதகருக்குப் போய்விடும். அம்மா சாமான்களோடு எங்கே போவார்? பாப்டிஸ்ட் சபைகளில் மேலிருந்து உத்தரவு போட பிஷப் கிடையாது. போதகரை வைத்துக்கொள்வதும் ஓய்வு கொடுப்பதும் அந்தந்தச் சபையின் முடிவு. அதனால் "போதும் ஐயா" என்று மேலிருந்து சொல்லவும் ஆள் இருக்காது. சபையில் மூத்தவர்கள் இரண்டு பேரிடம் அப்பாவை வைத்துக்கொண்டே பேசுங்கள். ஒரு ஊரையாவது இளையவர் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம், இருவரையும் இங்கே கொண்டுவர ஒதுக்கியிருக்கும் பணத்தில் ஊர்ப்பக்கமே அம்மா பெயரில் சின்னதாக ஒரு வீடு பார்க்க முடியுமா என்று விசாரியுங்கள்.

முழங்கால் செலவை இனி அப்பா கையில் கொடுக்காதீர்கள். கூடவே போய் ஆஸ்பத்திரியில் நேராகக் கட்டுங்கள். டிசம்பரில் போகாதீர்கள். கிறிஸ்துமஸ் நேரத்தில் அப்பாவுக்கு உட்காரவே பொழுதிருக்காது, அம்மாவுக்கு அடுப்படியை விட்டு வர முடியாது. ஜூன் விடுமுறையில் போங்கள். அப்பா வெளியூர்ப் பிரசங்கத்துக்குக் கிளம்பிய பிறகு, அம்மாவோடு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டே கேளுங்கள்: "உனக்கு என்னம்மா வேணும்?" முதல் தடவை "ஒண்ணும் வேணாம்மா" என்றுதான் சொல்வார். எழுந்துவிடாதீர்கள்.

ஜூனுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஊருக்குப் போகிறவர் யாரிடமாவது அம்மாவுக்கென்று தனியாக ஒரு போன் வாங்கிக் கொடுத்தனுப்புங்கள்.