பதினைந்து வயதுப் பையனுக்குத் தீயணைப்புப் பயிற்சி சேலத்தில் கிடைக்குமா?

"என் மகனுக்கு 15 வயது. ஜெர்மனி, அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்கே தன்னார்வத் தீயணைப்புப் பயிற்சி தருகிறார்களாமே, சேலத்தில் அப்படி ஏதாவது உண்டா, சேர்த்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதே மாதிரி இங்கே இல்லை. ஜெர்மனியில் சின்ன ஊர்களில் தீயணைப்பு வேலையே தன்னார்வலர்கள் தலையில்தான். பகலில் தச்சு வேலையோ கடையோ பார்க்கிற ஆள்தான், மணி அடித்தால் வண்டியில் ஏறுவார். அடுத்த தலைமுறைக்கு ஆள் வேண்டுமே, அதனால் பத்து வயது வாக்கிலேயே பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்குகிறார்கள். அமெரிக்காவில் பல இடங்களில் 14 வயதிலிருந்து. நம்மூரில் 101-க்கு அடித்தால் வருகிறவர் அரசுச் சம்பளக்காரர். அந்தத் தேவையே எழவில்லை.

அங்கேயும் பிள்ளைகளை எரிகிற வீட்டுக்குள் அனுப்புவதில்லை. ஹோஸைப் பிரிப்பது, சுருட்டுவது, முடிச்சுப் போடுவது, முதலுதவி, சொன்ன இடத்தில் நிற்பது, இவ்வளவுதான். இதில் கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம்.

எனக்கு அது 16 வயதில் புரிந்தது. எங்கள் ஊர் ஏற்காடு அடிவாரத்துக்குப் பக்கம். மாசி, பங்குனியில் சேர்வராயன் மலைச் சரிவில் புல்லும் உண்ணிச்செடியும் காய்ந்து கிடக்கும், ஒரு பீடித்துண்டு போதும். அப்படி ஒரு சாயங்காலம் நாலைந்து பையன்கள் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு அடித்து அணைக்க ஓடினோம். தீ கீழே இருந்தது, நாங்கள் மேலே. வீரமாக நிற்கிறோம் என்று நினைப்பு. வனத்துறைக்குக் காவலுக்கு வந்த பெரியவர் ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார்: "டேய், மேல நிக்காதீங்கடா! எரிஞ்சு முடிஞ்ச பக்கமா வாங்க!" பக்கவாட்டில் ஓடிக் கரிக்காட்டுக்குள் இறங்கினோம். செருப்பு வழியாகச் சூடு ஏறியது. திரும்பிப் பார்த்தால், நாங்கள் நின்ற புல்மேடு எரிந்துகொண்டிருந்தது. தீக்கு மேட்டில் ஏறுவது சுலபம். மேலே இருக்கிற புல்லை அனலே உலர்த்திவிடுகிறது. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கு மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்த செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தச் சூடுதான் ஞாபகம் வந்தது. அன்று எங்களை விரட்டிய பெரியவருக்கு நாங்கள் ஒரு டீ கூட வாங்கித் தரவில்லை.

சரி, உங்கள் பையனுக்கு வருவோம். பள்ளியில் சாரணர், என்சிசி, ஜேஆர்சி (ஜூனியர் ரெட் கிராஸ்) எது இருந்தாலும் சேர்த்துவிடுங்கள். முதலுதவியும் கயிறும் வரிசையில் நிற்பதும் அங்கேயே வந்துவிடும். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-ல் அதே ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்து இறந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக. அந்த வாரத்திலும் தீபாவளிக்கு முன்பும் நிலையத்துக்காரர்கள் பள்ளிகளில் செயல்விளக்கம் காட்டுவார்கள். தலைமையாசிரியரை விட்டுக் கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள். எரிகிற சிலிண்டர் மேல் ஈரச் சாக்கைப் போட்டு அமுக்குவதைக் கிட்டே இருந்து பார்க்கிற பையன் அதை மறக்கமாட்டான். 18 ஆனதும் பேரிடர் தன்னார்வலர்களுக்கான ஆப்த மித்ரா பயிற்சி நடக்கிறதா என்று விசாரியுங்கள், 40 வயது வரை சேரலாம். இதையே வேலையாகப் பார்க்க நினைத்தால் பத்தாவது தேறியிருந்தால் போதும், சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் தீயணைப்போர் பணிக்கு ஆள் எடுக்கிறது. உடல் தகுதித் தேர்வு உண்டு, இப்போதே ஓடச் சொல்லுங்கள்.

அதுவரை வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். இரவில் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, கேஸ் வாடை வருகிறது என்று சொல்லி ரெகுலேட்டரை மூடச் சொல்லுங்கள். என் மகள் முதல் தடவை நேராகப் போய் லைட் சுவிட்சில் கை வைத்தாள்.