அப்பாவின் சீட்டுக்கட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் முன்பு நீங்கள் பார்த்த வித்தைக்காரர்களைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்த பிறகே இதை எழுதத் துணிந்தேன். என் அப்பா பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளி ஆண்டு விழாவில் சீட்டு வித்தை காட்டுவார். யாராவது ஒரு சீட்டை உருவி மேசைமேல் கவிழ்த்து வைத்தால், நெற்றியைத் தடவிக்கொண்டே, ‘கிளாவர் ராணி’ என்பார். தவறியதே இல்லை. அவருக்கு ஏதோ மந்திர சித்தி இருப்பதாகவே சிறு வயதில் நம்பியிருந்தேன்.

அவர் காலமாகி ஓராண்டு ஆகிறது. சென்ற மாதம் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது அந்தக் கட்டு கிடைத்தது. சிறகு முளைத்த குழந்தை சைக்கிள் ஓட்டும் படம் போட்ட சிவப்பு நிறக் கட்டு. பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, ‘தாத்தா எல்லாச் சீட்டின் முதுகிலும் சிவப்பு மையில் குறி போட்டிருக்கிறார்’ என்றான். டைமன் ஒன்பதில் மட்டும் ஒரு குறி கூடுதலாக இருக்கிறதாம். எனக்கு ஏமாந்த உணர்வும், அந்தக் கட்டைக் கீழே வைக்க முடியாத ஏக்கமும் ஒருசேர வந்தன. மகன் இப்போது இணையத்தில் புதிதாக ஒரு குறிக்கட்டு வாங்கி, செய்தித்தாள் வாசிப்பது போல் முதுகைப் பார்த்தே சீட்டைச் சொல்கிறான். அதில் எனக்கு மனம் ஒட்டவில்லை. இது வெறும் வயதின் கோளாறா? பெற்ற மகனான என்னிடம்கூட அப்பா ஏன் சொல்லவில்லை? கல்யாண வீட்டில் பங்காளிகள் விடிய விடிய ரம்மி ஆடும்போதும் சீட்டைக் கையால் தொடாத கண்டிப்பான மனிதர் அவர். பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், தருமபுரி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வாக்கியத்துக்கு முந்தைய வரியிலேயே உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்கு வருவதற்கு முன் அந்தக் கட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

சைக்கிள் ஓட்டும் அந்தச் சிறகுக் குழந்தை அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில் தொடங்கிய நிறுவனம் ஒன்றின் சீட்டில் 1887-ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பியச் சீட்டுகளின் முதுகு பெரும்பாலும் வெறும் வெள்ளையாகவே இருந்தது. வெள்ளை முதுகில் விரல் அழுக்கும் கறையும் படியப் படிய, எந்தக் கறை எந்தச் சீட்டில் இருக்கிறது என்பது கண்ணுள்ள ஆட்டக்காரனுக்கு மனப்பாடமாகிவிடும். அந்தக் கறையை மறைக்கும் என்றுதான் கொடியும் பூவும் கோடுமாக முதுகில் வேலைப்பாடு அச்சிடும் வழக்கத்தை வரவேற்றார்கள். ஆனால் கறையை மறைப்பதற்கு வந்த அந்தக் கொடியும் பூவுமே, வேண்டுமென்று வைக்கும் குறியை ஒளிப்பதற்கும் மிக வசதியான இடமாக அமைந்துவிட்டன.

உங்கள் அப்பா செய்திருப்பது அந்தத் தொழிலின் பழைய முறைகளில் ஒன்று. சிவப்பு வேலைப்பாட்டுக்கு நடுவே வெள்ளையாக விடப்பட்டிருக்கும் ஒரு சிறு இதழையோ கோட்டையோ, அச்சு மையின் நிறத்துக்கு ஒத்துப்போகிற மையால் நிரப்பிவிடுவார்கள். எந்த இதழ் என்பதைப் பொறுத்து அது ராஜாவா ஏழா என்பது தெரியும். பக்கத்தில் இன்னொரு குறி, இஸ்பேட்டா ஆர்ட்டினா என்பதைச் சொல்லும். சீட்டு எந்தப் பக்கம் திரும்பி விழும் என்று சொல்ல முடியாதாகையால் இரண்டு முனைகளிலும் போட வேண்டும். ஆக, ஒரு சீட்டுக்கு நான்கு, 52 சீட்டுக்கு 208 குறிகள். குத்துவிளக்குத் திரியைத் தூண்டும் குச்சியை விட மெல்லிய முனை வேண்டும், கை நடுங்கக் கூடாது, மை ஒரு துளி அதிகமானால் காகிதத்தில் பரவிவிடும். மேல்நிறத்தைப் பிளேடால் சுரண்டி வெள்ளையாக்கும் முறையும், வெள்ளைப் பரப்பின் மேல் நீர்த்த சாயத்தை நிழல் போல் பூசும் முறையும் உண்டு. பிலடெல்பியா நாணயச் சாலையில் வேலை பார்த்த தியோடர் டிலேண்ட் என்பவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குறியை அச்சிலேயே சேர்த்துத் தந்திரக் கட்டுகளை உருவாக்கினார். பழைய பொருள் சேகரிப்பவர்கள் இன்றும் தேடுவது அவற்றைத்தான். அதை ஒப்பிட்டால் உங்கள் கட்டுக்குச் சந்தை மதிப்பு ஒன்றும் பெரிதாக இருக்காது. அதைப் பற்றி நீங்கள் கேட்கவுமில்லை.

குறி போடுவது பாதி வேலை கூட இல்லை என்பதை நான் பட்டு அறிந்தவன். பதின்மூன்று வயதில், பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, வீட்டுக்குத் தெரியாமல் சேர்த்த காசில் வி.பி.பி.யில், அதாவது தபால்காரரிடம் பணம் கொடுத்துப் பெறும் அஞ்சலில், ஒரு குறிக்கட்டு வரவழைத்தேன். பாலக்கோட்டில் அத்தை வீட்டுத் திண்ணையில், திருவிழாவுக்கு வந்திருந்த உறவுக்காரர்கள் முன்னால் அரங்கேற்றம். மாமா ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்தார். அதன் மூலையில் எந்த இதழ் சிவந்திருக்கிறது என்று நான் குனிந்து தேடிக்கொண்டே இருந்தேன். சாயங்கால வெளிச்சம் வேறு மங்கிக்கொண்டு வந்தது. முறுக்குத் தட்டோடு வந்த அத்தை, “ஏண்டா, சீட்டு முதுவுல எறும்பா ஊருது, அப்படி உத்து உத்துப் பாக்கற?” என்றார். திண்ணையே சிரித்தது. மாமா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அன்றிரவு அந்தக் கட்டில் அவர்கள் கழுதை ஆடினார்கள், என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஆகவே உங்கள் அப்பா நெற்றியைத் தடவிக்கொண்டார் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. சீட்டு மேசையில் விழும் நொடியிலேயே அவர் பார்த்து முடித்திருப்பார். பிறகு கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, கையை நெற்றிக்குக் கொண்டுபோய், கூட்டத்தின் பார்வை முழுவதையும் சீட்டிலிருந்து தன் முகத்துக்கு இழுத்திருப்பார். நம் மொழியில் இந்தக் கலைக்குச் செப்பிடு வித்தை என்று பெயர். கவிழ்த்த செப்பு என்னும் சிறு கிண்ணத்துக்குள் பந்தை வைத்து மறைக்கும் ஆட்டத்திலிருந்து வந்த சொல் அது. அங்கும் பார்வையாளரின் கண் போகாத செப்பில்தான் வேலை நடக்கும். நீங்கள் ஏமாந்தது மையால் அல்ல. மை இருந்தும் நான் திண்ணையில் யாரையும் ஏமாற்ற முடியவில்லையே.

இனி, அவர் ஏன் சொல்லவில்லை என்பது. வித்தைக்காரர்கள் இரகசியம் காப்பார்கள் என்ற பொதுவான விடை எனக்குப் போதவில்லை. இந்தக் கட்டுக்கு இரண்டு குடும்பங்கள் சொந்தம்: ஒன்று மேடை வித்தைக்காரர்கள், மற்றொன்று சூதாடிகள். இரண்டும் ஒரே பொருளைத்தான் பயன்படுத்தின. பிரெஞ்சு மாயவித்தைக்காரர் ராபேர் ஊதேன், சூதாடிகளின் மோசடிகளை மக்களுக்கு விளக்கியே 1861-இல் ஒரு நூல் எழுதினார். குறி போட்ட கட்டுகளை மீண்டும் உறையிட்டு ஒட்டி கியூபாவின் ஹவானாவுக்குக் கப்பலில் அனுப்பிவைத்து, பின்னாலேயே தானும் போய் அங்குள்ள மேசைகளில் உட்கார்ந்து வென்ற ஒருவனின் கதையை அதில் சொல்கிறார். கடையில் வாங்கிப் புதிதாகப் பிரித்த கட்டே பொய்யாக இருந்தால் யாரை நம்புவது? ஆண்டுதோறும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்து, சகுனியின் பகடையைக் கூத்தில் பார்த்து வளர்கிற நம் பக்கத்து மக்களுக்கு இந்தச் சந்தேகத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது அந்தக் கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். சீட்டின் முதுகைப் படிக்கத் தெரிந்த ஒரு மனிதர் பங்காளிகளோடு ரம்மிக்கு உட்கார்ந்தால் என்ன ஆகும்? தோற்றால் பிரச்சினை இல்லை. இரண்டு ஆட்டம் தொடர்ந்து வென்றால், அவர் நேர்மையாகவே ஆடியிருந்தாலும், ‘வாத்தியாருக்குத்தான் முதுகைப் பார்த்தாலே தெரியுமே’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஊரில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கிறவருக்கு அந்த ஒரு பேச்சு போதும். அவர் சீட்டைத் தொடாததை நீங்கள் கண்டிப்பு என்று எடுத்துக்கொண்டீர்கள். அந்த வித்தை தெரிந்ததற்கு அவர் கொடுத்த விலை அது என்பது என் ஊகம். மகனிடம் சொல்லியிருந்தால், பள்ளிக்கூடத்தில் நீங்கள் பெருமையாக இன்னொருவனிடம் சொல்லியிருப்பீர்கள். நான் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

உங்கள் மகனின் புதிய கட்டைக் குறை சொல்ல மாட்டேன். அச்சிலேயே எழுத்தும் எண்ணுமாக ஒளித்து வைத்திருக்கும் இன்றைய கட்டுகள் பழையவற்றைவிடத் துல்லியமானவை. பழைய அஞ்சல் வழிக் கட்டுகள் பலவும் சுமாரானவையே. என்னுடையதில் இஸ்பேட் நாலும் ஐந்தும் ஒரே குறியோடு வந்திருந்தன. உங்கள் மனம் ஒட்டாததற்குக் காரணம் வயது அல்ல, புதிய கட்டில் உங்களுக்குத் தெரிந்த கை எதுவும் இல்லை, அவ்வளவுதான். பையன் இன்னும் முதுகை வாசிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். நெற்றியைத் தடவக் கற்றுக்கொள்ளும் வரை பொறுத்திருங்கள்.

இன்னொன்று. அப்பா ஆடிய காலத்தில் யார் கண்ணுக்கும் படாத குறி உங்கள் மகனுக்கு இரண்டே நிமிடத்தில் எப்படித் தெரிந்தது? பையன் கெட்டிக்காரனாக இருக்கலாம். ஆனால் அச்சு மையும் கையால் தொட்ட மையும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. போட்ட அன்று ஒரே சிவப்பாக இருந்தவை, பெட்டிக்குள் இத்தனை வருடம் கிடந்ததில் இரண்டு சிவப்பாகப் பிரிந்திருக்கும். ஆகவே தயவுசெய்து அந்தச் சீட்டுகளை ஈரத் துணியாலோ ஸ்பிரிட்டாலோ துடைக்காதீர்கள், கையால் இட்ட மை கரைந்துவிடும். ரப்பர் பேண்டு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், அது இளகி ஓரச் சீட்டில் ஒட்டிக்கொள்ளும். லேமினேட் செய்யும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

டைமன் ஒன்பதைப் பற்றி நான் நினைப்பது இது: முதலில் தவறான இதழை நிரப்பியிருப்பார். நிரப்பியதை அழிக்க வழியில்லை. வேறொரு கட்டு வாங்க ஆசிரியர் சம்பளத்தில் மனம் வந்திருக்காது. எனவே சரியான இதழையும் நிரப்பி, இரண்டு இதழ் சிவந்தது ஒன்பது என்று மனத்தில் வைத்துக்கொண்டிருப்பார். கட்டிலேயே அவர் தேடாமல் கண்டுகொள்ளக்கூடிய ஒரே சீட்டு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

குறியைச் சோதிக்கச் சூதாடிகளிடையே ஒரு வழி உண்டு. கட்டை இடது கையில் இறுகப் பிடித்து, முதுகுப் பக்கம் தெரியும்படி, கட்டைவிரலால் ஒரு மூலையை வேகமாகச் சரசரவென்று விட வேண்டும். குறியில்லாத கட்டில் படம் அசையாமல் நிற்கும்; குறி போட்ட கட்டில் அந்த இதழ்கள் மட்டும் அங்குமிங்கும் குதிக்கும். இதற்குச் சினிமா பார்ப்பது என்றே அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய காகிதம், மூலை மடிந்துவிடாமல் பதமாகச் செய்யுங்கள். ஒகேனக்கல் வழியாக நான் அடுத்த முறை வரும்போது பென்னாகரத்தில் இறங்குகிறேன், எனக்கும் ஒரு முறை காட்டுங்கள்.