மோட்டர் டிஷ்: நடுவுல பிடிக்குது, ரெண்டு பக்கமும் இல்ல, புதுசு வாங்கணுமா?

கேள்வி (களுவாஞ்சிக்குடி): மூணடி டிஷ்ஷும் அத ஒவ்வொரு சட்டலைட் பக்கமும் திருப்புற சின்ன மோட்டரும் வாங்கி பிளேட்டுக்கு (கொங்கிறீட் கூரைக்கு) மேல பூட்டியிருக்கிறன். 83 டிகிரி கிழக்குல நிக்கிற சட்டலைட் நல்லா பிடிக்குது, 93.5ல டி.டி. ஃப்ரீ டிஷ்ஷும் பரவாயில்ல. ஆனா மேற்கால 45க்கு போனா ஒண்டுமே இல்ல, கிழக்கால 108 பக்கமும் அப்படித்தான். பூட்டின தம்பி டிஷ் சின்னன், நாலடி வாங்குங்க எண்டு சொல்றார். வாங்கத்தான் வேணுமா?

பதில்: வாங்காதீங்க. உங்கட டிஷ்ல பிழை இல்ல, மோட்டர் சரியா தெற்கப் பார்த்து நிக்கணும், அந்தத் தெற்கு திசைதான் பிழைச்சிருக்கு. நடுவுல நல்லா பிடிக்கிறதால திசை சரி எண்டு நீங்களும் நினைச்சிருப்பீங்க, பூட்டினவரும் நினைச்சிருப்பார், வடக்க தூரத்துல இருக்கிற நாடுகள்ல அது சரியும்தான், ஆனா நம்மட ஊருக்கு அது பொருந்தாது.

மட்டக்களப்பு 7.7 டிகிரி வடக்கு, 81.7 டிகிரி கிழக்கு. அதால 83ல நிக்கிற சட்டலைட் நமக்கு கிட்டத்தட்ட 81 டிகிரி உயரத்துல, உச்சந்தலைக்கு மேல எண்டே சொல்லலாம். மேல பார்த்துக்கொண்டிருக்கிற டிஷ்ஷ தூணோட சேர்த்து ஒரு மூணு டிகிரி கிறுக்கினா (திருப்பினா) அது பார்க்கிற இடம் அரை டிகிரிதான் நகரும், மீட்டர்ல வித்தியாசமே தெரியாது. அதே மூணு டிகிரி பிழை 45க்கு போகும்போது ரெண்டு டிகிரியா வந்து நிக்கும், ஏனெண்டா அங்க டிஷ் சரிஞ்சு மேற்க பார்க்குது, உயரம் 47 டிகிரிதான். மூணடி டிஷ்ல ஒரு டிகிரி விலகினாலே சிக்னல் பாதியாப் போயிரும், ரெண்டு எண்டா ஒண்டும் மிஞ்சாது. நாலடி டிஷ் வாங்கினா இன்னும் மோசம், டிஷ் பெருக்கப் பெருக்க அது பார்க்கிற பார்வை ஒடுங்கும், பிழைய இன்னும் குறைவாத்தான் தாங்கும்.

இனி சரியாக்கிற வழி. முதல் வேலை தூண். மேசன்மார் வச்சிருக்கிற லெவல ஒருக்கா தெற்குப் பக்கமும் ஒருக்கா கிழக்குப் பக்கமும் வச்சுப் பாருங்க, ரெண்டுலயும் குமிழி நடுவுல நிக்கணும். தூண் சரிஞ்சு நிண்டா நீங்க திசைய கிறுக்கும்போது மத்தக் கோணமும் சேர்ந்து மாறும், மறுகா எத சரியாக்கிறம் எண்டே விளங்காது. மெல்லிய பைப்ப ரெண்டு ஆணியில சுவரோட பிடிச்சுட்டு அதுக்கு மேல விலைகூடின மோட்டர வைக்கிறத இங்க கனக்க வீட்டுல காணலாம், எனக்கு அதப் பார்த்தா மனசு கேக்காது, மோட்டருக்கு குடுக்கிற காசில கொஞ்சத்த மிச்சம்பிடிச்சு தடிச்ச ஜி.ஐ. பைப்புக்கும் கொங்கிறீட்டுக்கும் குடுங்க எண்டுதான் கேக்கிற எல்லாருக்கும் சொல்றன்.

ரிசீவர்ல யூசால்ஸ் (நம்மட இடத்த வச்சு மோட்டர் எவ்வளவு திரும்பணும் எண்டு கணக்குப் பார்க்கிற) மெனுவுக்கு போய் 81.7 கிழக்கு, 7.7 வடக்கு எண்டு போட்டிருக்கா பாருங்க, சில பேர் கொழும்புட இலக்கத்தையே விட்டுட்டு போயிருவாங்க. மோட்டர்ல இருக்கிற அளவுகோல்லயும் 7.7 டிகிரி. பிறகு டிஷ்ட பிடியில இருக்கிற கோணம், இதுலதான் கனபேர் தடுமாறுறாங்க. நம்மட இடத்துக்கு 1.4 டிகிரி கழிக்கணும், மோட்டர்ட வளைஞ்ச குழாய் 30 டிகிரி எண்டா டிஷ்ல 28.6, 35 எண்டா 33.6. குழாய் எத்தின டிகிரி எண்டு மோட்டரோட வாற பேப்பர்ல இருக்கும். சென்னைக்கு எண்டு போட்ட வீடியோவப் பார்த்து அதே இலக்கத்த வைக்காதீங்க, சென்னை 13 டிகிரியில இருக்கு.

தெற்கு பிடிக்க திசைகாட்டிய நம்பாதீங்க, பிளேட்டுக்குள்ள கம்பி, பக்கத்துல தகரம், டிஷ்ஷும் இரும்பு, முள் எங்கயோ காட்டும். சூரியன் பிழைக்காது. அண்டைக்கு சூரியன் உதிக்கிற நேரத்துக்கும் மறையிற நேரத்துக்கும் சரி பாதிய எடுங்க, அந்த நிமிஷம் நேரா நிக்கிற தூண்ட நிழல் சரியா வடக்கு தெற்காத்தான் விழும். பன்னெண்டு மணி எண்டு சும்மா எடுக்காதீங்க, நமக்கு அது நவம்பர் தொடக்கத்துல 11.47 கிட்ட வரும், பெப்ரவரி நடுவுல 12.17. இன்னொண்டு, ஏப்ரல் 10 கிட்டயிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரைக்கும் மத்தியான சூரியன் நமக்கு வடக்கால போறதால நிழல் தெற்க விழும், கோடு அதேதான், குழம்பாதீங்க. அந்த ரெண்டு முனையிலயும் சில நாளைக்கு நிழலே இருக்காது, அந்த நாள விட்டுடுங்க.

கடைசியா நுணுக்கம். 83ல நிண்டுகொண்டு மோட்டர்ட 7.7 அளவுகோல் போல்ட்ட மட்டும் மெல்ல அசைச்சு சிக்னல உச்சத்துக்கு கொண்டுவாங்க, திசையத் தொடாதீங்க. மறுகா 45க்கு அனுப்புங்க. அதுல டயலொக் டிவி சிக்னல் வருது, கார்ட் இல்லாம படம் வராட்டியும் மீட்டர் ஏறும், நமக்கு அது போதும், முறைப்படி அந்த இணைப்பு எடுத்த அயல் வீட்டுட டிஷ் எந்தப் பக்கம் பார்க்குது எண்டும் ஒருக்கா பாருங்க. இப்ப கையால டிஷ்ட ஓரத்த லேசா அழுத்தி முகத்த வடக்கால ஒருக்கா தெற்கால ஒருக்கா சாய்ச்சுப் பாருங்க. வடக்கால சாய்க்க சிக்னல் வந்தா அத நினைவு வச்சுக்கொண்டு கிழக்கால 95க்கோ 108க்கோ போய் அதையே செய்யுங்க. மேற்கால வடக்கையும் கிழக்கால தெற்கையும் கேட்டா, மேல இருந்து பார்க்க கடிகார முள் போற பக்கம் முழுத்தொகுதியையும் கொஞ்சம் கிறுக்கணும். மாறிக் கேட்டா மறுபக்கம். ரெண்டு பக்கமும் ஒரே திசையக் கேட்டா திசையில பிழை இல்ல, டிஷ்ட பிடியில இருக்கிற அந்த 28.6 தான் பிழை, அத அரை அரை டிகிரியா மாத்தி ஒவ்வொரு தடவையும் 83க்கு வந்து 7.7ஐ திரும்ப உச்சத்துக்கு எடுங்க. பொறுமை வேணும், ஆனா மீட்டர் ஒண்டும் வாங்கத் தேவையில்ல, ரிசீவர்ல காட்டுற பட்டையே காணும்.

கேள்வி (காத்தான்குடி): மோட்டர் பாதி வழியில நிண்டுடுது. கடையில ரிசீவர மாத்தணும் எண்டு சொல்றாங்க.

பதில்: மோட்டருக்கு வேணுமான கரண்ட் அந்த ஒத்தை வயர்லதான் போகுது, 13 வோல்ட் இல்லாட்டி 18 வோல்ட். நடுக்கம்பி முழுச் செம்பா, செம்பு பூசின இரும்பா எண்டு பாருங்க, காந்தம் ஒட்டினா இரும்பு. நீளமான இரும்புக்கம்பியில வோல்ட் குறைஞ்சு மோட்டர் திணறும். வயர் மாத்தி, முனைகள்ல உப்புக்காத்துக்கு பச்சை பிடிச்சிருந்தா வெட்டி புதுசு போட்டு, மழை போகாம சுத்தின பிறகும் நிண்டா மட்டும் ரிசீவரப் பற்றி யோசிக்கலாம். கடைக்கு வயர் வாங்கப் போகும்போதும் ஒரு காந்தத்த கொண்டு போங்க.

கேள்வி (அக்கரைப்பற்று): எட்டடி வலை டிஷ், கைமாதிரி நீளுற மோட்டரோட ஒருத்தர் விக்கிறார். எடுக்கலாமா?

பதில்: என்னத்துக்கு எண்டு முதல்ல யோசிங்க. அந்தப் பெரிய டிஷ் சி பாண்ட் எண்ட அலைவரிசையில வாற சட்டலைட்டுகளுக்கு, 66ல இன்டெல்சாட் 17, 105.5ல ஆசியாசாட் 7 மாதிரி. மழைக்கு சிக்னல் அவ்வளவா விழாது, அது பெரிய நன்மை. ஆனா தமிழ் சேனல்கள்ல கனக்க இப்ப பூட்டுப்போட்டுத்தான் (காசு கட்டினாத்தான் படம் வரும்) வருது, சும்மா பார்க்க கிடைக்கிறது குறைவு. டி.டி. தமிழுக்காக எண்டா 93.5க்கு சின்ன டிஷ் ஒண்ட அசையாம பூட்டினா முடிஞ்சுது.

பல நாட்டுச் சேனல தேடிப் பார்க்கிற ஆசை இருக்கு, வளவும் இருக்கு எண்டா எடுங்க, நல்ல பொழுதுபோக்குத்தான். எடுக்க முதல் அந்த நீளுற கைய முழுசா வெளிய விட்டுப் பாருங்க, குழாயில கறள் இருந்தா, உள்ளுக்க தண்ணி குலுங்கினா வேணாம். டிஷ்ட ஓரத்த பிடிச்சு ஆட்டுங்க, சுழலுற அச்சுல ஆட்டம் இருந்தா எத்தின தரம் சரியாக்கினாலும் நிக்காது. அந்த மோட்டர் 36 வோல்ட், அதுக்கு தனிப் பெட்டி வேணும், அதையும் விலைக்குள்ள கேளுங்க. பூட்டினா தரையில, ஆழமான கொங்கிறீட்டுல. 1978 நவம்பர் 23 சூறாவளியக் கண்ட ஊர் இது, கூரைக்கு மேல எட்டடிய வைக்க நான் சொல்லமாட்டன். காத்து எண்டு அறிவிச்சா டிஷ்ஷ நடுவுக்கு கொண்டுவந்து மேல பார்க்க விடுங்க, இடி எண்டா வயர ரிசீவர்ல இருந்து கழட்டுங்க.

கேள்வி (கல்லடி): சுத்தி தென்னை. எந்த இடம் தெளிவு எண்டு எப்படிப் பார்க்கிறது?

பதில்: மார்ச் 17 கிட்டயும் செப்டெம்பர் 26 கிட்டயும் சூரியன் போற பாதைதான் சட்டலைட் நிக்கிற பாதை. அந்த நாள்ல காலையில ஒன்பதுல இருந்து பின்னேரம் மூணு வரைக்கும் ஓலை நிழல் படாத இடம் எது எண்டு பாருங்க, அங்க வைங்க. ஓலை வளரும், அதையும் கணக்குல எடுங்க.

கேள்வி (செங்கலடி): வாரண்டியோட வாங்கின மோட்டர் ஒரு மாசத்துல நிண்டுட்டு, கடைக்காரர் நீங்க பூட்டின பிழை எண்டு கைய விரிக்கிறார்.

பதில்: பில் இருக்கா? கேட்டா பில் குடுக்கணும் எண்டு 2003ம் ஆண்டு 9ம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்துலயே இருக்கு. மோட்டர கழட்டி கடைக்கு கொண்டு போய், சின்ன வயர்ல அவங்கட ரிசீவர்லயே போட்டுக் காட்டச் சொல்லுங்க, அங்கயும் ஓடாட்டி பூட்டின பிழை எண்ட கதை நிக்காது. அத வீடியோ எடுத்து வைங்க. அப்பவும் மாத்தித் தராட்டி அந்த அதிகார சபைட 1977 இலக்கத்துக்கு ஃபோன் எடுத்து விபரம் கேளுங்க, முறைப்பாட்ட எழுத்துல, வாங்கி மூணு மாசத்துக்குள்ள குடுக்கணும், பில் கொப்பியும் வாரண்டி கார்ட் கொப்பியும் சேர்த்து.